தேதி போட்ட துணி

மேடையில் வீற்றிருக்கும் மேனேஜர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் பட்டன் அண்ணன் வீட்டம்மாவே, மகளே, சுமை இறக்கும் தம்பிமார்களே, ஓட்டுநர்களே, வாசல் காவலாளிகளே, என்னோடு ஊசி பிடித்த தையல் பிரிவுப் பெண்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த அஞ்சலிக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். இந்தப் பார்சல் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம், ஒரு மரத்தடுப்புக்கு இந்தப் பக்கம் தையல் மிஷினில் நான், அந்தப் பக்கம் ஸ்டோர்ஸில் அவர். அதை இரண்டு நிமிடத்தில் சொல்ல எனக்குத் தெரியாது.

உள்ளே வரும்போது ஆளுக்கொரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். பாதிப் பேர் போட்டுக்கொண்டும் இருக்கிறீர்கள். நெஞ்சில் நம் பட்டன் அண்ணன் முகம். முதுகில் கம்பெனியின் புது லோகோ. அதற்குக் கீழே அவர் இறந்த தேதி. யார் யோசனை என்று கேட்டேன். விளம்பரப் பிரிவு என்றார்கள். அந்தப் பிரிவில் ஒருவருக்குக்கூட அவரைத் தெரியாதா? "தேதி போட்ட துணி அன்னிக்கே செத்துப்போச்சு அக்கா" என்று ஒவ்வொரு ஆண்டுவிழா டி-ஷர்ட்டையும் பார்த்து என்னிடம் புலம்பிய மனுஷனுக்கே தேதி போட்டுவிட்டீர்களே! நாளைக்கு இதை யார் உடுத்துவார்கள்? இன்னும் ஒரு வாரத்தில் அவர் முகத்தால் வண்டிக் கண்ணாடி துடைப்பீர்களா?

ஏன் அவருக்குப் பட்டன் அண்ணன் என்று பெயர் வந்தது? புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் சட்டையிலேயே லோகோவைத் தைத்துவிடுவோம். ஆள் வேலையை விட்டால் சட்டையைத் திருப்பி வாங்கி அடுப்புக்குப் போடுவார்கள். நல்ல துணி, கிழியாத துணி. அவர் ஒரு நாள் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, லோகோவைத் தனித் துண்டாகத் தைத்து நாலு பட்டனில் மாட்டலாமே என்றார். கழற்றினால் சட்டை சட்டையாகிவிடும், யாரும் போடலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாலு பட்டன் வைக்கிற நேரத்துல நாலு சட்டை முடிச்சிருவேன், போய்யா" என்றேன். இரண்டு மாதம் தைத்துத் தரவில்லை. நான் யாருடைய தப்பையும் மறக்கிறவள் இல்லை. என் தப்பையும்தான்.

இரண்டு மாதமும் அவரே உட்கார்ந்து கோணல்மாணலாகத் தைத்தார். பார்க்கச் சகிக்காமல்தான் நான் வாங்கித் தைத்தேன்.

புதுச் சீருடை வாங்கும்போது அளவு நாடாவோடு கிடங்கு முழுக்கச் சுற்றுவார். அளவெடுக்கும் முன் ஒரு கேள்வி: "வேணுமா, வேண்டாமா?" பழையது நன்றாக இருக்கிறது, வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்வார்கள். அவ்வளவு துணி மிச்சம். கிழிந்த பேனர்களைப் பையாக்கினார். என் பேத்தி அந்தப் பையோடுதான் பள்ளிக்கூடம் முடித்தாள்.

இதற்குக் கம்பெனி என்ன செய்தது? பசுமை விருது கொடுத்தது. விருது வாங்க ஒரு புதுக் கோட்டு போடச் சொல்லிப் படம் எடுத்தது. அந்தப் படம்தான் இப்போது உங்கள் நெஞ்சில் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவதுதான் என் வயிற்றெரிச்சல்.

போன வருஷம் லோகோ மாறியது. பழைய லோகோவை மேலேயே தைத்து வெளியில் வாங்கிய மழைக்கோட்டுகள் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது, உறைகூடப் பிரிக்காமல் ஸ்டோர்ஸில் கிடக்கின்றன. எல்லாவற்றையும் எரிக்க உத்தரவு. வெளியே இறக்குமேடையில் கூரை கிடையாது. நம் பிள்ளைகள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் மூட்டை இறக்குகிறார்கள். பத்தடி தள்ளி, பூட்டின அறைக்குள் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது மழைக்கோட்டுகள்! லோகோவைப் பிரித்துவிட்டு இவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அண்ணன் மூன்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. நேரில் போய்க் கேட்டார். பர்ச்சேஸ் மேனேஜர், ஒரு வியாழக்கிழமை, அன்றைக்கு நீலச் சட்டை போட்டிருந்தார், எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நீங்க ஸ்டோர்ஸைப் பாருங்க. கம்பெனியோட முகத்தை நாங்க பாத்துக்கறோம்."

அண்ணன் ஸ்டோர்ஸுக்குத் திரும்பினார். வந்து உட்கார்ந்தார். ஒரே ஒரு கோட்டை எடுத்து லோகோவைப் பிரித்தார். வாசலில் நனைந்துகொண்டிருந்த காவலாளிக்குப் போட்டுவிட்டார். காவலாளித் தம்பி இதோ நாலாம் வரிசையில் இருக்கிறார். அதே கோட்டைத்தான் மடித்து மடியில் வைத்திருக்கிறார்.

அதற்கு மெமோ வந்தது. கம்பெனிப் பொருளைச் சேதப்படுத்தினாராம். பதில் எழுத ஒரு வாரம் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் மாரடைப்பு. மெமோதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. டாக்டர் சொல்லாததை நான் சொல்லமாட்டேன். ஆனால் எழுதத் தொடங்கிய பதிலை அவர் மகள் என்னிடம் காட்டினாள். ஒரே வரிதான் இருந்தது: "சேதப்படுத்தவில்லை ஐயா, உபயோகப்படுத்தினேன்."

அந்த மனுஷனைத் தியாகி, வழிகாட்டி என்று எனக்கு முன்னால் பேசினவர்கள் எல்லோரும் புகழ்ந்தீர்கள். பர்ச்சேஸ் மேனேஜரும் புகழ்ந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த மெமோவை யாராவது திரும்ப வாங்கினீர்களா? நாளைக் காலை எட்டு மணிக்கு அந்தக் கோட்டுகளை ஏற்ற லாரி வருகிறதே, அதை யாராவது நிறுத்தினீர்களா?

ஒரு லோகோவைப் பிரிக்க ஒன்பது நிமிடம் ஆகிறது. நேற்று தையல் பிரிவில் நாங்கள் பன்னிரண்டு பேரும் பழைய சட்டையில் பிரித்துப் பார்த்துவிட்டோம். நாளை ஏழு மணிக்கே ஸ்டோர்ஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். கடைசிக் கோட்டு வரை பிரிப்போம். லாரி எங்களைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். பட்டன் அண்ணா, இது தையல் பிரிவின் வாக்கு.

போகும்போது அந்த டி-ஷர்ட்டுகளை வாசல் மேஜையில் வைத்துவிட்டுப் போங்கள். வெட்டிப் பை தைப்போம். அவர் முகத்தில் கத்தரி வைக்கக் கை வருமா என்று கேட்காதீர்கள். அவரே இருந்திருந்தால் முதல் வெட்டு அவருடையதுதான்.

மேடையில் இருக்கும் மேனேஜர் தம்பி, மைக்கை உங்கள் பக்கம் திருப்புகிறேன். பேச்சு வேண்டாம். அவர் எங்களிடம் கேட்டதையே உங்களிடம் கேட்கிறேன். அந்த மழைக்கோட்டு உங்களுக்கு வேணுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால், எங்களுக்கு வேணும்.