எனெலெசியின் எண்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் பெயர்ப் பட்டியலை என்னைத்தான் எழுதச் சொல்வார்கள். படிப்பு பாதியில் நின்ற பிறகு, எங்கள் சலீமா மாவட்டத்தில் பெண்களுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தபோது கையெழுத்துக்கு அவசியமே இல்லாமல் போனது. ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்தார்கள். நான் அதிகம் பேசமாட்டேன். அதுவும் பேசாது. இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

வேலை எளிது. ஏரிக்கரை ஊர்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களைப் பதிவு செய்ய வேண்டும். ஊசி நாள் நெருங்கினால் கணினியே அவர்களுடைய போனுக்குச் செய்தி அனுப்பிவிடும். ஆனால் பாதிப் பெண்களிடம் போன் கிடையாது. முக்கால்வாசிப் பேர் கணவனுக்குத் தெரியாமல் வருபவர்கள். எண்ணுக்கான கட்டத்தை நிரப்பாமல் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகராது. அதனால் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். என் எண்ணையே போட்டேன். செய்தி எனக்கு வரும். அடிகுழாய்ப் பக்கம் நடந்து போய், தண்ணீர் பிடிப்பவளின் காதோடு சொல்லிவிட்டு வருவேன்.

எனெலெசி அப்படி வந்தவள்தான். ஐந்து பிள்ளைகள். கணவர் வைசன் சைக்கிள் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் கிளினிக்குக்குப் போனதாக யாரோ சொன்னதைக் கேட்டு, ஒருமுறை அவள் கையை முறித்தவர். பதிவின்போது அவளே அதைச் சொன்னாள். கை கொஞ்சம் கோணலாகவே இருந்தது.

"தேதி எழுதின ஊசி அட்டையை அடுப்புல போட்டுட்டேன் டெலியா. இனிமே என் தேதி உன் தலையிலதான் இருக்கு. நீ மறந்தியோ, ஆறாவதுக்கு உன் பேரைத்தான் வைப்பேன்," என்று சிரித்தாள்.

மூன்று தடவை நான் மறக்கவில்லை.

பிறகு மேற்பார்வையாளர் லிக்கோஸ்வே கூப்பிட்டார். ஒரே எண் பல பெயர்களில் இருந்தால் கணினி சிவப்பாகக் காட்டும்.

"ஏம்மா டெலியா, உன் ஒரு போனுக்குள்ள ஏழு பொம்பளைங்க குடியிருக்காங்களே. அத்தனை பேருக்கும் ந்சிமாக் களி கிண்ட அடுப்பு பத்துதா?"

அறையே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சனிக்கிழமைக்குள் ஒரு சிவப்புகூட இருக்கக் கூடாது என்றார்.

ஆறு பேருக்கு அக்காவின் எண், தோழியின் எண் என்று ஏதோ கிடைத்தது. எனெலெசிக்கு அப்படி யாரும் இல்லை. என் எண்ணை ஒரே ஒரு பெயரில் வைத்துக்கொள்வதைக் கணினி தடுத்திருக்காது. ஆனால் என் எண்ணைப் பட்டியலில் பார்த்து லிக்கோஸ்வே மறுபடியும் கூப்பிடுவாரோ என்று இருந்தது. வைசனின் எண் எனக்கு மனப்பாடம். சவாரிக்கு அழைப்பவர்களுக்காகச் சைக்கிளின் பின் மட்கார்டில் வெள்ளைப் பெயின்டால் பெரிதாக எழுதி வைத்திருப்பார். அதைப் போட்டேன். சிவப்பு மறைந்தது. மாவட்டத்திலேயே சுத்தமான பட்டியல் என்னுடையது என்று அந்த மாதம் என் பெயரைச் சுவரில் ஒட்டினார்கள்.

எனெலெசிக்கு வெள்ளிக்கிழமை ஊசி. வியாழக்கிழமையே புதைத்துவிட்டார்கள். ஒரு பெண் ஊசிக்கு வருவது நின்றுவிட்டால் படிவம் காரணம் கேட்கும். அதிலிருந்த நான்கு காரணங்களில் 'வேறு ஊருக்குப் போய்விட்டார்' என்பதுதான் ஓரளவு பொருந்தியது.

இப்போது நீங்கள் தலைநகர் லிலோங்வேயிலிருந்து விசாரிக்க வந்து, அந்தச் செய்தியை அச்செடுத்து என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். 'அன்புள்ள எனெலெசி, உங்கள் அடுத்த ஊசி வெள்ளிக்கிழமை.' அவ்வளவுதான். என்ன ஊசி என்று அதில் இல்லை. ரகசியம் காக்க வேண்டும் என்று யோசித்து எழுதியது. வைசனைச் சிறையில் போய்ப் பார்த்தீர்களாம். அவருக்கு எழுத்து தெரியாது என்பதையும் தெரிந்துகொண்டீர்களாம். பிறகு எப்படி அவருக்குத் தெரிந்தது என்றுதானே கேட்கிறீர்கள்.

அந்த வாரம் திங்கட்கிழமை காலை நான் அவருடைய சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் சட்டைப்பையில் போன் சத்தம் போட்டது. மாமர நிழலில் நிறுத்தி என்னிடம் நீட்டினார்.

"பாரு தங்கச்சி. கம்பெனிக்காரன் விளம்பரம்தானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். திரையில் இருப்பதை ஒரு சொல்கூட மாற்றாமல் வாசிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்திருக்கிறார்கள். வாசித்தேன்.

அவர் சைக்கிளை மாமரத்தில் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன ஊசி அது? எதாவது பெரிய நோயா? என்கிட்ட மறைக்கிறாளா?"

மனைவி செத்துப்போவாளோ என்று பயந்த ஒரு மனிதர் என் முன்னால் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

"நோய் ஒண்ணும் இல்லண்ணா," என்றேன். "பிள்ளை வராம இருக்கத்தான்."

அவர் மனம் நிம்மதியாகட்டும் என்றுதான் சொன்னேன்.