லோகா தொடாத நாலு கிண்ணம்

அகார் அகார், அதுதான் கடற்பாசி ஜெல்லி, காய்ச்சுவது பெரிய வித்தை இல்லை, இன்ஸ்பெக்டர் தம்பி. கட்டி தட்டாமல் கிண்டத் தெரிந்தால் போதும். கல்லூரி லேப்பில் முப்பத்திரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன். மாவுச்சத்து கலந்து தட்டில் ஊற்றி ஆறவைத்தால் கிருமிகளுக்கு விருந்து தயார். வளர்ந்த பிறகு மேலே அயோடின் ஊற்ற வேண்டும். தட்டு முழுக்கக் கருநீலமாகும். கிருமி மாவைத் தின்று தீர்த்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்திருக்கும்.

என் நாத்தனார் லோகேஸ்வரிக்கு இந்த அருமை தெரியாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் பந்தலில், மோருக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்: "எங்க அண்ணி லேப்ல என்னா வேலை பார்த்தாங்க? கிருமிக்குக் கஞ்சி ஊத்துனாங்க லா."

முருகனைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

அவளுக்கு இன்னொரு பழக்கம். வெள்ளிக்கிழமை கோயில் முடிந்ததும் நேராக வந்து என் ஐஸ்பெட்டியைத் திறப்பாள். கேட்டால், வாயைத் துடைத்துக்கொண்டே, "நான் தொடவே இல்லை அண்ணி" என்பாள்.

ஆகவே பழைய தொழிலைக் கையில் எடுத்தேன். பொழுதுபோக்குதான். கெட்டுப்போன சோற்றுக் கிருமியை ஆறு கிண்ணத்தில் வளர்த்தேன். ஒன்றில் அயோடின் ஊற்றிப் பார்த்தேன். வட்டம் அவ்வளவு சுத்தம். லேப்பில்கூட எனக்கு அப்படி விழுந்ததில்லை. மீதி ஐந்தும் ஐஸ்பெட்டிக்குப் போயின.

நான் அவளைச் சாப்பிடச் சொல்லவில்லை. "அதைத் தொடாதே லோகா, லேப் சாமான்" என்று சொல்லிவிட்டுத்தான் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தால் நாலு கிண்ணம் காலி.

"நான் தொடவே இல்லை அண்ணி."

அன்று ராத்திரி வாந்தியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் அமீரா, என்ன சாப்பிட்டாய் என்று இரண்டு தரம் கேட்டார். இடியப்பம் மட்டும்தான் என்று சாதித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். டாக்டர் முன்னால் குடும்பத்துப் பெண்ணைப் பொய்க்காரி என்று சொல்வது மரியாதையா, சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள். பொய்தான் அவளைக் கொன்றது என்று உங்கள் ரிப்போர்ட்டில் எழுதிக்கொள்ளலாம்.

மிஞ்சிய ஐந்தாவது கிண்ணத்தை நீங்கள் முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "கிருமி வளர்க்கறதுக்கு ரோஸ் சிரப்பும் தேங்காய்ப்பாலும் எதுக்கு ஆன்ட்டி?"

கிருமிக்கு வேண்டாம்தான் தம்பி. ஆனால் வெறுங்கஞ்சியை எங்கள் லோகா தொடவே மாட்டாள்.