ஹீத்ரோ கட்சி, கற்விக் கட்சி

...இல்லைப் பிள்ளை, நீங்களே சொல்லுங்கோ. பிளேன் எங்கை இறங்கினால் என்ன, நிலத்திலைதானே இறங்கப்போகுது? ஹீத்ரோ எண்டாலும் லண்டன், கற்விக் எண்டாலும் லண்டன். ரெண்டிலையும் அதே வரிசை, அதே பாஸ்போட், அதே மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கிற ஒரு ஆள். உதுக்குப் போய் மூண்டு கிழமையா என்ர உயிரை எடுக்கினம்! ஹீத்ரோவுக்கு வாறியோ, கற்விக்குக்கு வாறியோ, ஹீத்ரோவோ, கற்விக்கோ... எனக்கு நித்திரையிலையும் உதுதான் கேக்குது.

உங்கடை காலைக் கொஞ்சம் அங்காலை எடுங்கோ, பை இடிக்கும். பாரம்தான். சட்டி. ரெண்டு சட்டி. அடிப்பிடிக்காத ஜேர்மன் சட்டி. லண்டனிலை சட்டி இல்லையே? மலை மலையாக் கிடக்கு. ஆனால் அவைக்கு ஜேர்மனியிலையிருந்து போனால்தான் அது சட்டி. ரெண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே மூடி. கடையிலை நிண்ட பெட்டை கேக்கிறாள், ஒண்டு பெரிசாவும் ஒண்டு சின்னனாவும் எடுக்கலாமே எண்டு. எடுக்கலாம் மகளே, எடுத்துப்போட்டு நான் லண்டனிலை உயிரோடை திரியவேண்டாமே?

நீங்கள் இந்தியாவெல்லே? டோட்முண்டிலை ரயில் ஏறேக்கையே கண்டனான், போனிலை "ஆமா ஆமா" எண்டு கதைச்சுக்கொண்டு வந்தியள். படிக்கிறியளோ? ஆராய்ச்சியோ... நல்லது, நல்லது. நீங்களும் டுசில்டோர்ஃப் எயார்போட்டுக்குத்தானே? அப்ப கடைசி மட்டும் ஒண்டாய்ப் போவம். எழும்பாதையுங்கோ, அங்கை இடம் இருக்குத்தான், ஆனால் வெய்யில் அடிக்கும். இஞ்சை இருங்கோ.

என்ர பேர் கலாதேவி. ஹம் எண்ட ஊரிலை இருக்கிறன். வயசுபோன ஆக்களைப் பாக்கிற அல்ற்றன்ஹைமிலை வேலை, இருபத்தொரு வருசமாச்சுது. அங்கை எனக்கு ஒரு கரைச்சலுமில்லைப் பிள்ளை. ரெண்டு கிழவியள் சண்டை பிடிச்சால் ஒரு ஆளைத் தூக்கி மற்ற மேசையிலை இருத்திவிட்டால் சரி. என்ர அண்ணனையும் தங்கச்சியையும் நான் எந்த மேசையிலை கொண்டுபோய் இருத்திறது?

அண்ணை யோகலிங்கம், அவர் இருக்கிறது ஹரோவிலை. ஹரோவுக்கு ஹீத்ரோ கிட்ட. தங்கச்சி புஷ்பராணி, அவள் குறொய்டனிலை. அவளுக்குக் கற்விக் கிட்ட. முந்தியெண்டால் ஒருக்கால் அதிலை இறங்குவன், ஒருக்கால் இதிலை இறங்குவன், ஆர் கேட்டது? இந்த நாலு வருசமாத்தான் ரெண்டும் முகம் பாக்கிறேல்லை.

ஏன் எண்டு கேளுங்கோவன்! கேக்கமாட்டியள், நீங்கள் மரியாதையான பிள்ளை. நானே சொல்லுறன். அண்ணை வீடு வாங்கிக் குடிபூரல் வைச்சவர். நான் வேலைக்கு உர்லௌப் போட்டுக்கொண்டு போனனான், என்ர கண்ணாலை கண்டது. பால் காய்ச்சி, பூசை முடிஞ்சு, இலை போடுற நேரம் பாத்து இவள் புஷ்பராணி மகள் யதுசாவையும் இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டிட்டாள். ஒரு வாய் வைக்கேல்லை! அண்ணை பருப்பு வாளியோடை வாசல்லை நிண்டு பாத்துக்கொண்டிருந்தவர். "என்ர வீட்டிலை கை நனைக்காமல் போறாள்" எண்டு அண்டைக்கு மூடின வாய்தான், இன்னும் திறக்கேல்லை. உண்மையிலை என்ன நடந்தது? பார்க்கிங், பிள்ளை! கார் விட்ட இடத்திலை ரெண்டு மணித்தியாலம்தான் விடலாம். அங்காலை தண்டம். ஐயர் பிந்தி வந்ததுக்கு அவள் என்ன செய்யிறது? ஆனால், "அண்ணை, காருக்குத் தண்டம் எழுதப்போறான், மாத்தி விட்டிட்டு வாறன்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே? சொல்லமாட்டாள். எங்கடை குடும்பத்திலை ஒருத்தரும் ஒண்டையும் நேரை சொல்லமாட்டினம். நான் அப்பிடியில்லை. எனக்கு எல்லாம் முகத்துக்கு நேரை, பட்டெண்டு. அதாலைதான் எனக்கு இவ்வளவு பகை.

இப்ப யதுசாவுக்குக் கலியாணம். வாற சனிக்கிழமை. ஓ, லண்டன் பிள்ளைதான், பாங்கிலை வேலை செய்யிற பெடியன். அது நல்ல சம்பந்தம், அதிலை குறை சொல்ல ஏலாது... பெடியனுக்குக் கொஞ்சம் முடி காணாது, அதை விடுங்கோ. தாய்மாமன் ஆர்? எங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு அண்ணை. மாமன் முன்னுக்கு நிக்காட்டில் சபை என்ன கேக்கும்? அவர் சொல்லுறார், கலியாணக் காட் தபாலிலை வந்ததாம், தபாலிலை வாறது கரண்ட் பில்லாம், அழைப்பு இல்லையாம். வீட்டை வந்து வாயாலை சொல்லவேணுமாம். இவள் சொல்லுறாள், போனால் அண்ணை கதவு திறக்கமாட்டார், அந்த வெக்கம் எனக்கு வேண்டாமாம். அப்ப நடுவிலை பிறந்த நான் என்ன செய்ய? நாலு நாள் முந்தி வெளிக்கிட்டிட்டன். எப்பிடியாவது அந்த மனிசனைக் கொண்டுபோய் மணவறைக்குப் பக்கத்திலை நிப்பாட்டவேணும்.

யதுசா ஒவ்வொரு நாளும் எனக்கு மெசேச் போடுறாள். எல்லாம் இங்கிலீசிலைதான். "மாமா" எண்ட சொல்லை மட்டும் தமிழிலை தேடித் தேடி எழுதிறாள், பிள்ளை. மாமா வருவாரோ, மாமா என்ன சொன்னவர் எண்டு. சின்னனிலை அவற்ற தோளிலை ஏறி இருந்த பிள்ளை.

இதென்ன, நிப்பாட்டிப்போட்டான்? ஸ்ரேசனும் இல்லை, ஒண்டும் இல்லை, ரெண்டு பக்கமும் பத்தை. அறிவிக்கிறான், கேளுங்கோ... முன்னுக்கு ஒரு ரயிலாம். எப்பவும் முன்னுக்கு ஒரு ரயில்தான். உங்களுக்கு நேரம் கிடக்கே? எனக்கும் கிடக்கு, நான் நாலு மணித்தியாலம் முந்தி வெளிக்கிட்டனான். என்ர மனிசன் சிரிச்சவர். இப்ப ஆர் சிரிக்கிறது?

எதிலை விட்டனான்? எயார்போட். எங்கடை ஆக்களிட்டை ஒரு சட்டம் கிடக்குப் பிள்ளை, ஒரு இடத்திலையும் எழுதி வைக்கேல்லை. எயார்போட்டிலை ஆர் வந்து உங்களை ஏத்தினமோ, அவை வீட்டிலைதான் முதல் சோறு. முதல் சோறு ஆர் வீட்டிலையோ, நீங்கள் அவையின்ர கட்சி. அப்ப பாருங்கோ. நான் கற்விக்கிலை இறங்கினால், "நீ அவளின்ர ஆளா வந்து என்னட்டை நியாயம் கதைக்கிறியோ" எண்டு அண்ணை என்ர சொல்லை எடுக்கமாட்டார். ஹீத்ரோவிலை இறங்கினால், "கலியாண வீடு இஞ்சை, அக்காவுக்குச் சோறு அங்கையோ" எண்டு இவள் ஒப்பாரி வைப்பாள். என்ர மகன் அபிராம் சொல்லுறான், "அம்மா, லண்டனிலை வேறை எயார்போட்டும் கிடக்கு, மூண்டாவது ஒண்டிலை போய் இறங்குங்கோ" எண்டு. அவன் இஞ்சை பிறந்தவன். அவனுக்கு விளங்காது. மூண்டாவதிலை இறங்கினால் ரெண்டு பேரோடையும் கோவம் எண்டு அர்த்தம்.

போன ஞாயிறு அண்ணை எடுத்தவர். நான் அடுப்பிலை புட்டு. ஒரு கையாலை போன், மற்றக் கையாலை குழல். "ஹீத்ரோவுக்குத்தானே வாறாய்?" எண்டார். நான், ஓம் ஓம் எண்டன். பின்னேரம் இவள் எடுக்கிறாள். "அக்கா, கற்விக்தானே? இவர் லீவு போட்டிட்டார், உங்களை ஏத்த வாறார்." இவர் எண்டது அவளின்ர மனிசன் சிவகுருநாதன். நான், ஓம் ஓம்...

ஏன் பிள்ளை அப்பிடிப் பாக்கிறியள்?

இல்லை, இல்லை, நீங்கள் பிழையா விளங்கிப்போட்டியள். உங்கடை "ஆமா" மாதிரி இல்லை இது. நாங்கள் போனிலை ஓம் ஓம் எண்டிறது, சொல்லு, எனக்குக் காது கேக்குது, லைன் வெட்டுப்படேல்லை எண்டதுக்கு. அதுக்குப் பேர் சம்மதமே? இப்ப ஆரும் வந்து "கலாதேவி, நீ ஒரு விசரி" எண்டு போனிலை சொன்னாலும் நான் ஓம் ஓம் எண்டுதான் கேட்டுக்கொண்டிருப்பன். அண்ணனுக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும். அவையும் அப்பிடித்தானே ஓம் போடுறவை? தெரிஞ்சுகொண்டு என்ர ஓமை மட்டும் பிடிச்சு வைச்சுக்கொண்டால் நான் என்ன செய்ய?

பிறகு திருத்திச் சொல்லியிருக்கலாம்தான். சொல்லுவம் சொல்லுவம் எண்டு... வேலை ஷிக்ட் முடிஞ்சு வர அலுப்பு... நாள் போட்டுது.

ரிக்கெற் எதுக்கு எண்டோ? அதுதான் பிள்ளை, எனக்குத் தெரியாது! சத்தியமா. அபிராமிட்டைச் சொல்லிப்போட்டன், நீயே ஒண்டைப் போடு, எனக்குச் சொல்லாதை எண்டு. அப்ப நாளைக்கு ஆரும் "நீதானே அங்கை எடுத்தனி" எண்டு கேட்டால், நான் எடுக்கேல்லை எண்டு பிள்ளையார் முன்னாலையும் சொல்லலாமெல்லே? போனிலை கிடக்கு, இந்தச் சதுரப் படத்துக்கு மேலை எழுதிக் கிடக்காம். நான் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுத்தான் திறக்கிறனான். இந்தாங்கோ, நீங்கள் பாருங்கோ. பாருங்கோ, ஆனால் எனக்குச் சொல்லாதையுங்கோ! முகத்தையும் அங்காலை திருப்புங்கோ, உங்கடை முகத்திலை எல்லாம் எழுதி ஒட்டியிருக்கு.

ரயில் எடுத்திட்டான், அப்பாடா. இப்ப பிளேனாலை இறங்கிப் போனைப் போட்டால், ஒரு எயார்போட்டிலை ஒருத்தர் நிப்பினம், மற்றதிலை மற்றவை நிப்பினம். அதிலை ஆரோ ஒருத்தர் வெறுங்கையோடை வீட்டை போகவேணும். போனவர் கலியாணத்துக்கு வருவாரே? நான் சேர்த்துவைக்கப் போறன் எண்டு வெளிக்கிட்டு... என்ன வேலை செய்துபோட்டன் பிள்ளை நான்? அதுகள் ரெண்டும் நல்ல சனம். நான்தான்... ஒரு வசனம். "அண்ணை, எனக்கு ரெண்டு பேரும் வேணும்" எண்டு ஒரு வசனம் சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

கொஞ்சம் பொறுங்கோ. போன். ஐயோ, அண்ணை!

அண்ணை... ஓ... இல்லை, ஓம் எண்டு சொல்லேல்லை, சொல்லேல்லை! மெதுவாக் கதையுங்கோ, ரயிலிலை எல்லாரும் பாக்கினம். ஆர் சொன்னது? சிவகுருநாதனோ? கடையிலை வைச்சோ, கற்விக்குக்கு அக்காவை ஏத்தப் போறன் எண்டு... ஆ. அதைக் கேட்டிட்டு நீங்கள்... சண்டை பிடிக்கப் போனனீங்களோ? போனிலை பிடிச்சால் காணாதெண்டு காரை எடுத்துக்கொண்டு... அண்ணை, பொறுங்கோ. அது ஆர் பின்னாலை கத்திறது? அது புஷ்பராணியின்ர குரலெல்லே? நீங்கள் இப்ப எங்கை நிக்கிறியள்?

குறொய்டனிலையோ.

அவளின்ர வீட்டுக்குள்ளையோ?

...நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். ஒவ்வொருத்தராப் பேசுங்கோ, ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை பேசினால் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ரெண்டு பக்கமும் ஓம் போட்டவள்... சரி. கள்ளி... சரி. சின்னனிலையும் அப்பிடித்தான் அம்மாவையும் அப்பாவையும் ஏமாத்தினவள்... அதுவும் சரி, புஷ்பா, சரி. பிழை என்னிலைதான். யதுசா பக்கத்திலை நிக்கிறாளே? ஏன் சிரிக்கிறாள்? மாமாவின்ர சேட் தைக்கக் குடுக்கிறதுக்கு அளவு எடுக்கிறாளோ... சனிக்கிழமைக்கோ... இப்பவோ?

என்ன? ஒருத்தரும் வரமாட்டியளோ? அண்ணை... புஷ்பா, நீயாவது... ஹலோ? ஹலோ?

வைச்சிட்டினம்.

ஏத்த ஒருத்தரும் வரமாட்டினமாம் பிள்ளை. எங்கை வேணுமெண்டாலும் இறங்கு, வழி தெரியும்தானே, நீயா வா எண்டு. அண்ணை சொல்லுறார், பின்னாலை அவள் "அப்பிடிச் சொல்லுங்கோ அண்ணை, அப்பிடிச் சொல்லுங்கோ" எண்டு எடுத்துக் குடுக்கிறாள். நாலு வருசத்திலை ரெண்டு பேரும் கூடி இருந்து எடுத்த முதல் முடிவு, என்னை ஏத்தக் கூடாதெண்டது! இந்தச் சட்டியளைக் காவிக்கொண்டு நான் தனிய... பாத்தியளே, கூடப்பிறந்ததுகள் செய்யிற வேலையை?

அழேல்லைப் பிள்ளை. சும்மா கண்ணிலை தண்ணி வருது. உந்தக் கடதாசியைத் தாங்கோ.

அந்தப் போனை இப்ப தாங்கோ, கண்ணாடியைப் போடுறன். ஹீத்ரோவோ! சரி. அங்கையிருந்து குறொய்டனுக்கு எத்தினையாம் நம்பர் பஸ் எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ.