பெர்னடெற்றுக்கு வீடு

என்னுடைய வெள்ளை வான் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. அதை மூத்தவன் கொட்வினுக்கு எழுதுங்கள். குழாய் வேலைச் சாமான்கள் எல்லாம் இரண்டாவது மகன் ஜெஸ்ரினுக்கு. அவனுக்கு ஒரு வோஷர் மாற்றவும் தெரியாது, என்றாலும் தகப்பன் உழைத்த சாமான் ஒரு மூலையில் கிடக்கட்டும். இந்த ஸ்ட்ரெதம் வீடு முழுவதும் மகள் பெர்னடெற்றுக்கு.

ஏன் சமமாகப் பிரிக்கவில்லை என்று கேட்டீர்கள், லோயர் பிள்ளை. பிறகு வழக்கு வம்பு வரக்கூடாது என்று நீங்கள் யோசிப்பது சரிதான். மகன்களால் வம்பு வராது. போன மாதம் மூன்று பேரையும் என் கட்டிலைச் சுற்றி இருத்திச் சொன்னபோது, "அவள்தானே உங்களைப் பாத்தவள், வீடு அவளுக்குத்தான்" என்று கொட்வின் உடனே சொல்லிவிட்டான். வேண்டாம் என்றவள் பெர்னடெற்தான். அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டதை வெளியே சொல்லக்கூடாத தொழில் உங்களுடையது.

என் மனைவி றஜீனா புற்றுநோயில் போனபோது மகன்கள் இருவரும் கலியாணம் கட்டித் தனியே போயிருந்தார்கள். பெர்னடெற்றுக்கு இருபத்தாறு வயது. நான் வேலையால் வந்து ஈரச் சப்பாத்தைக் கழற்றும்போது குசினியில் வெளிச்சம் இருக்கும், ரசம் கொதிக்கிற மணம் வரும். அவளும் போய்விட்டால் அந்தக் கதவை நானே திறந்து, நானே லைற்றைப் போட வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

முதல் சம்பந்தம் ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்தது. எங்கள் கோயில் ஆட்கள், நல்ல குடும்பம். அந்த நாட்களில் மாப்பிள்ளைப் பெடியனின் தகப்பன் சிங்க் அடைத்திருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார். சிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்தால் ஆளின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. அப்படிக் கிடந்துகொண்டே சொன்னேன்.

"அண்ணை, பிறகு மறைச்சுப்போட்டன் எண்டு என்னைக் குறை சொல்லக்கூடாது. பிள்ளைக்கு வலிப்பு வாறது. நாங்கள் வெளியில சொல்லுறேல்லை."

அவர் கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நீர் நேர்மையான மனுசன், செபமாலைமுத்து. என்ர வாயால இது வெளியில போகாது" என்றார். எழும்பி அவருக்குக் கை கொடுத்தேன். உண்மையில் என் பிள்ளைக்குத் தடிமன், காய்ச்சல் வருவதுகூடக் குறைவு.

பெடியன் மேலே படிக்கப் போகிறானாம் என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள். எங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்தச் சாட்டு. அடுத்தடுத்து வந்த குடும்பங்களுக்கும் நான் அதையே சொன்னேன். பெற்ற தகப்பனே சொன்னதை யார் போய் விசாரிப்பார்கள்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் சனம் ஊர்வம்பு அளக்கும் என்கிறார்கள், நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவர்களுக்கு என்னில் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

அவளுக்கும் நான் ஒன்றிலும் குறை வைக்கவில்லை. கேட்ட இடமெல்லாம் கூட்டிக்கொண்டு போனேன். ஒருமுறை லூர்து மாதாவிடம் போனோம். ஒரு நல்ல இடம் சரிவர வேண்டும் என்று அவள் மெழுகுதிரி கொளுத்தினாள். நானும் பக்கத்தில் நின்று ஒன்று கொளுத்தினேன். பிறகு அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கியது, கேட்டு வருபவர்களும் நின்றுபோனார்கள். வீடு அமைதியாக இருந்தது.

போன மாதம், வீட்டை அவளுக்கு என்று நான் சொன்னதும், "எனக்கு வீடு வேண்டாம், அப்பா. வித்து மூண்டு பேருக்கும் பிரியுங்கோ. நான் நிசாந்தனைக் கட்டிக்கொண்டு எட்மண்டனுக்குப் போறன்" என்றாள். நிசாந்தன் பஸ் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர். கோயில் பாடகர் குழுவில் பழக்கமாம். தவக்காலத்துக்கு முன்பே கலியாணமாம். எனக்கு டொக்டர் கோடை வரைக்கும்தான் சொல்லியிருக்கிறார். இவ்வளவு காலம் இருந்தவளுக்கு ஒரு கோடை பெரிதா? "பஸ்ஸில வாற தூரம்தானே, ஒவ்வொரு நாளும் வந்து பாப்பன், அப்பா" என்றாள். வந்து பார்ப்பது வேறு, வீட்டில் இருப்பது வேறு.

அவள் கடைக்குப் போன நேரம் நிசாந்தனை வரச் சொன்னேன். அவர் வலிப்புக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. நோயாளி மனைவியைக் குழந்தைபோலத் தூக்கிக் குளிப்பாட்டியவர். அதனால் வேறு சொல்ல வேண்டியிருந்தது.

"தம்பி, தாய்க்கு வந்த வருத்தம்தான் இப்ப பிள்ளைக்கும். உம்மட்டைச் சொல்லப் பயப்பிடுறாள். கேட்டுப்போடாதையும், உடைஞ்சுபோவாள்."

அவருடைய மனைவியையும் புற்றுநோய்தான் கொண்டுபோனது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இன்னொருக்கா என்னால ஏலாது, ஐயா" என்றார். எனக்கும் கண்ணீர் வந்தது. நல்ல மனிதர். தன் பிள்ளைகளுக்கு விருப்பமில்லை என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார்.

அன்று அவள் வழமைபோல எனக்குச் சூப் பருக்கினாள். பிறகு கோப்பையை மடியில் வைத்தபடி கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"அப்பா, ஏன் எல்லாரும் என்னை வேண்டாமெண்டு போகினம்? என்னில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை, பிள்ளை" என்றேன்.

அது சத்தியம். பெர்னடெற்றிடம் நான் என் வாழ்நாளில் ஒரு பொய்யும் சொன்னதில்லை.