குறைத்துச் சொன்ன டயோடு

எங்கள் கல்லூரியில் ஏசி ஒழுங்காக ஓடும் ஒரே அறை கணினி அறைதான். அதனால் மற்றவர்களைவிட நான் அங்கே அதிக நேரம் இருப்பேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை, ஐயா.

நான் ஆரோக்கியநாதன், இயற்பியல் பேராசிரியர். கதிர்வீச்சு பட்டால் உலோகமும் சிலிக்கானும் எப்படிப் பழுதாகும் என்று கணினியில் நடத்திப் பார்ப்பது என் வேலை. துகள் வந்து மோதும். ஒரு அணு இடம்பெயரும். அது பக்கத்து அணுவைத் தள்ளும். பெரும்பாலானவை பழைய இடத்துக்கே திரும்பிவிடும். திரும்பாத சிலவற்றால்தான் எனக்குப் பிழைப்பு.

மதுரையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை புதிய கதிர்வீச்சு இயந்திரம் வாங்கியது. நோயாளிக்குள் எவ்வளவு கதிர் போயிற்று என்று அளந்து, போதும் என்றதும் நிறுத்த வைப்பது அதிலிருக்கும் ஒரு சிலிக்கான் டயோடு. அது எவ்வளவு காலம் தாங்கும் என்று எங்களைக் கேட்டார்கள். கணக்குப் போட்டவள் என் ஆராய்ச்சி மாணவி தமிழ்வாணி. அலங்காநல்லூர்ப் பெண், கெட்டிக்காரி.

ஒரு மத்தியானம் அவள் திரையைக் காட்டினாள். "சார், பழுது கூடக்கூட டயோடு கம்மியாக் காட்டுது. அது கம்மியாக் காட்டுனா மெசினு நிக்காம அம்புட்டையும் ஆளு மேல இறக்கிரும். ஆஸ்பத்திரிக்கு இப்பவே சொல்லிருவோம் சார்."

"நானே சொல்லிடுறேம்மா," என்றேன்.

சொல்லவில்லை. காரணம் உண்டு. கணினியில் வந்தது நிஜத்தோடு ஒத்துப்போனால்தான் அறிவியல். சொன்னால் டயோடை மாற்றிவிடுவார்கள். எங்கள் கணிப்பு சரியா என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஆகவே தாங்கும் என்று எழுதிக் கொடுத்தேன். அவ்வப்போது என் கருவியோடு போய், டயோடு எவ்வளவு குறைத்துச் சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து வந்தேன்.

தமிழ்வாணியின் அப்பா சோணைமுத்துவை அங்கேதான் பார்த்தேன். அவருக்குத் தொண்டையில் கட்டி. "கோளாற நீங்கதேன் சரிபண்ண வச்சீகன்னு மக சொல்லுச்சுய்யா. அந்தத் தைரியத்துலதேன் வந்தேன்," என்றார். கழுத்துத் தோல் கருகி உரிந்திருந்தது. "எச்சி முழுங்க முடியலய்யா. இனி வர வேணாமான்னு இருக்கு."

எப்போதிலிருந்து எரிகிறது என்று அன்பாக விசாரித்தேன். எங்கள் கணிப்புக்கு அப்படியே பொருந்தியது.

"பாதியில விட்டுறாதீங்கண்ணே," என்று சொல்லி உள்ளே அனுப்பினேன்.

அவர் இறந்துபோனார். அவருக்குப் பிறகு இன்னும் சிலரும் இறந்தார்கள். நோய் முற்றியதால் என்றார்கள் மருத்துவர்கள். நான் குறுக்கே பேசவில்லை. மருத்துவம் என் துறை அல்ல.

எங்கள் கட்டுரையை நானே எழுதி அனுப்பினேன்; நல்ல ஆய்விதழில் வந்தது. அதில் மருத்துவமனை அளவீடுகளைப் பார்த்தபோதுதான், நான் யாரிடமும் சொல்லவில்லை என்பது தமிழ்வாணிக்குத் தெரிந்திருக்கிறது. என்மேல் புகார் கொடுத்ததும் அவள்தான் என்கிறீர்கள். அதுதான் எனக்குப் புரியவில்லை, ஐயா. மாணவர்களின் உழைப்பைத் திருடும் பேராசிரியர்கள் எத்தனையோ பேர். நான் அவள் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன்.