எட்டு வாரம் ஆகும்

மாலை ஆறே முக்கால். துறைமுகம் போகிற சாலை, இரண்டு பக்கமும் உப்பளம்... மழைத் தூற்றலில் ஒரே ஒரு ஸ்கூட்டர். ஓட்டிப் போனவள் பெர்சி, என்னோடு வேலை பார்க்கும் ஜெயஷீலாவின் சித்தி மகள். குடோனில் ஈரம் ஏறிவிட்டது என்று அவள் போனுக்கு எச்சரிக்கை வந்திருந்தது. சிப்புகளுக்கு ஈரம் ஆகாது.

அவள் கம்பெனி தைவானிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சிப் வாங்கி வைத்து, கருவி செய்கிறவர்களுக்குப் பிரித்து அனுப்பும். தட்டுப்பாடு வந்தால் யாருக்கு முதலில் என்று எழுதுவது பெர்சி. ஐப்பசியில், சிப்புகளை நாடாவில் ஒட்டிச் சுற்றிய சுருள் ஒன்றே ஒன்றுதான் வந்தது. மூவாயிரம் சிப். ஆள் இருக்கும் இடத்தைக் காட்டுகிற வகை. ஒரு பெரிய கார் தொழிற்சாலை கேட்டது. வள்ளம் ஆபத்தில் சிக்கினால் இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் கருவி செய்கிற பாண்டியராஜனும் கேட்டார். மேனேஜர் சொன்னபடி அவள் காருக்கு எழுதினாள். பாண்டியராஜனிடம், எட்டு வாரம் ஆகும் என்றாள். அந்தக் கருவிக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தவர்களில் கடலுக்கு மீன்பிடிக்கப் போகிற அவள் புருஷன் ரோச்சும் ஒருவன். அவனிடமும் அதையேதான் சொன்னாள்.

ஐந்தாவது வாரம் புயல். புன்னைக்காயலிலிருந்து போன ரோச்சின் வள்ளம் திரும்பவில்லை. எங்கே தேடுவதென்று யாருக்கும் தெரியவில்லை.

எட்டாவது வாரம் புதுச் சுருள் வந்து இறங்கியது. அன்றைக்குத்தான் இந்த எச்சரிக்கை.

குடோன் கதவைத் திறந்தாள். சேறு, டீசல், ஈர வலை... எல்லாம் கலந்த வாடை. அலமாரிக்குள் சொட்... சொட்... புதுச் சுருள் இருந்த, சீல் பிரிக்காத பைக்குள் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

அவள் ஓடவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கை விறைத்தது.

"எங்கன இருக்கிய?"

காதுக்குப் பக்கத்தில் ரோச்சின் குரல்...

"குளிருதுளா."

விடிந்தபோது பை காய்ந்திருந்தது. சிப்பெல்லாம் சோதித்தார்கள், பழுதில்லை. இந்த முறை மேனேஜரைக் கேட்காமலே பாண்டியராஜனுக்கு எழுதினாள்.

நான்காம் நாள் அவர் பேசினார். "தங்கச்சி... கருவி இங்கன மேசையிலதான் இருக்கு. ஆனா நடுக்கடலைக் காட்டுது." எந்தச் சிப்பைப் போட்டாலும் அதே புள்ளிதானாம். கரையிலிருந்து பதினெட்டுக் கடல் மைல்.

வள்ளங்கள் போய்த் தேடின. வெறும் தண்ணீர்.

அந்தக் கருவிகளில் ஒன்றை பெர்சி வாங்கி வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் புள்ளி நகர ஆரம்பித்தது, ஆள் நடக்கிற வேகத்தில். ஆற்று முகத்தில் கரையேறி ஊருக்குள் வந்தது. அன்று அவள் சோறு வடித்து, வெந்நீர் போட்டு, மில்லர்புரம் வீட்டுக் கதவை அகலத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். புள்ளி அவள் தெருவுக்கு வந்தது. வாசலில் நிற்காமல்... தாண்டிப் போனது.

அது போய் நின்ற இடம் குடோன். யாருக்கு முதலில் என்று எழுதுகிற அவள் மேசைக்குப் பக்கத்தில்.

பெர்சி வேலையை விடவில்லை. தன் நாற்காலியை ஒட்டி இன்னொரு நாற்காலி போட்டாள்.

மறுநாள் பார்த்தால், புள்ளி ஒரு முழம் நகர்ந்து அந்த நாற்காலிக்கு வந்திருந்தது.