வண்டித் தாயின் கோபம்

பேட்டரிக் கம்பியைக் கழற்றி மாட்டுவது பெரிய வித்தை இல்லை ஐயா. பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். கறுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து மாட்ட வேண்டும். அவசரமென்றால், கழற்றியதும் ஹெட்லைட் சுவிட்சைப் போட்டுவிட்டால் உள்ளே மிச்சம் மீதி இருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். அப்புறம் பெடலைத் தொடாமல் சாவியைத் திருப்பி, இஞ்சினைக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட வேண்டும். பழைய வண்டிகளில் இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்கு இது போதும். அதுவரை கண்டதையெல்லாம் மறந்துவிடும். மந்தமாகக் கிடந்த வண்டி மிதித்ததும் பாயும்.

பயாவ் வேன் நிலையத்தில் என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து நான்தான் மெக்கானிக். இஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று பெயர். பிரயாத் அண்ணன் தொட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அந்தப் பெயரைத் தவிர எனக்குச் சொத்து என்று எதுவும் இல்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சந்தைக்கு அந்தப் பக்கம் விலாய் என்ற பெண் பட்டறை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். தொழிற்கல்லூரியில் படித்தவள். வண்டியில் ஒரு பெட்டியைச் செருகினால் கோளாறு திரையில் எழுத்தாக வந்துவிடும். நாடி பார்க்கத் தெரியாத வைத்தியர் நோயாளியிடமே எழுதி வாங்குகிறார் என்று நான் ஒருமுறை சொன்னதை நிலையம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் காதுக்கும் போயிருக்கும். ஆனாலும் என்னை எங்கே கண்டாலும் முதலில் கைகூப்புகிறவள் அவள்தான்.

இன்சோம் சியங் காம் வழித்தடத்தில் ஓட்டுபவன். பாதி வழி மலை, குறுகிய சாலை, எதிரும் புதிருமாகச் சோள லாரிகள். அதில் ஒருநாள்கூட அவசரப்படாதவன். மழைக்காலம் முடிந்த சமயம் என்னிடம் வந்தான். "அண்ணே, வண்டி செத்த மாதிரி போகுதுண்ணே. எவ்வளவு மிதிச்சாலும் ஊருது. மஞ்ச லைட்டு வேற எரியுது" என்றான்.

கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பெடலிலிருந்து இரண்டு கம்பிகள் தனித்தனியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகச் சொன்னால் கம்ப்யூட்டர் எதையும் நம்பாமல் இஞ்சினைப் பிடித்துவைத்துவிடும். வண்டி ஊர்ந்து வீடு சேரலாம், அதற்கு மேல் ஓடாது. ஆளைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஏன் முரண்படுகின்றன என்பதுதான் தெரியவில்லை. வேறொரு வண்டியின் பெடலைக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன். கம்பி கம்பியாகத் தடவிப் பார்த்தேன். சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்புவேன், ஓரிரு நாளில் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பான். என்னைக் குறை சொல்லக் கூச்சப்படுவான். அந்தக் கூச்சம்தான் என்னை அதிகம் சுட்டது.

அப்படி வந்த ஒரு மதியம் டிரைவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒட்டுச் சோறும் சுட்ட பன்றியிறைச்சியும் தின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவன், "என்னண்ணே, பேசாம விலாய் பொண்ணுகிட்ட அனுப்பிடலாமா?" என்றான். சிரித்தார்கள். கிண்டல்தான், கெட்ட எண்ணம் இல்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. கை துடைக்கும் துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லப்பா. சோம், நீ மே யா நாங்குக்கு நல்ல மாலையா போட்டு எவ்வளவு நாளாச்சு? தாய் கோவமா இருக்கா. போய் மன்னிப்புக் கேளு."

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் மே யா நாங் என்ற தாய் குடியிருக்கிறாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் அவளுக்கு மாலை தொங்கவிடாமல் எங்கள் நிலையத்தில் யாரும் சாவியைத் திருப்புவதில்லை. நானும் என் மோட்டார் சைக்கிளுக்குப் பூ வைப்பவன்தான். அவள் இல்லை என்று நான் சொல்லவில்லை. என் வாய்க்கு ஒரு பதில் தேவைப்பட்டது, அவளை இழுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவன் வருமுன் கம்பியைக் கழற்றி மாட்டிவைத்தேன். சாவிகள் எல்லாம் நிலையத்து ஆணியில்தான் தொங்கும். அவன் மல்லிகை மாலையும், உறிஞ்சுகுழல் போட்ட சிவப்புச் சோடாவும், ஊதுவத்தியுமாக வந்தான். வண்டிக்கு முன்னால் மண்டியிட்டு வெகுநேரம் ஏதோ முணுமுணுத்தான். பிறகு கிளப்பிப் பார்த்தான். இறங்கி என்னிடம் ஓடிவந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிட்டாண்ணே. சிட்டா பறக்குது."

எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மற்ற டிரைவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் புது மரியாதை இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் வருமுன் கம்பியைக் கழற்றி மாட்டுவது எனக்கு ஒரு வேலை ஆகிவிட்டது. மஞ்சள் விளக்கு அவனைப் பயமுறுத்தியது, அதனால் அவனுக்குத் தெரியாமல் அதன்மேல் பின்பக்கமாகக் கறுப்பு டேப் ஒட்டினேன். நடை முடிந்து திரும்பும்போது சில நாள் வண்டி சோர்ந்திருக்கும். தாய்க்கு அலுப்பு என்பான். காலையில் பூ வைப்பான், சரியாகிவிடும்.

அவன் ஓட்டும் விதம் மாறியது என் காதுக்கு வந்தது. முன்பெல்லாம் ஏற்றத்தில் சோள லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போகிறவன், இப்போது முந்துகிறான் என்றார்கள். நானே கேட்டேன். "தாய் நம்ம பக்கம் இருக்காண்ணே, அப்புறம் என்ன பயம்?" என்றான். பார்த்துப் போ என்றேன். அதைச் சொல்லிவிட்டதே என் கடமையை முடித்துவிட்ட மாதிரி இருந்தது.

சோங்கிரான் புத்தாண்டு விடுமுறை வந்தது. ஊருக்குப் போகிற கூட்டம். வழக்கத்துக்கு மேல் நடைகள் போட்டார்கள். பூக்காரப் பெண்கள் கடையைக் கட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றி விளையாடப் போய்விட்டார்கள். இன்சோம் வாடிய மாலையோடுதான் முதல் நடை போய்வந்தான். உடனே அடுத்த கூட்டத்தை ஏற்றினான். வண்டி சூடாக இருந்தது. சூடேறினால்தான் அந்தக் கோளாறு தலைகாட்டும் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்துபோயிருந்தது.

ஸ்பேனர் என் சட்டைப் பையில் இருந்தது. கொஞ்சம் பொறு, ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை பேர் கண்ணெதிரே நான் கம்பியைக் கழற்றியதே இல்லை. எல்லா டிரைவர்களும் அங்கே நின்றார்கள். யாரோ என் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார்கள், சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு வண்டிக்குக் கையசைத்தேன்.

ஏற்றத்தில் சோள லாரியை முந்தப் போயிருக்கிறான். பாதியில் இஞ்சின் அடங்கிவிட்டது. எதிரே சிமெண்டு லாரி. பக்கத்தில் சோள லாரி. போக வழியில்லாமல் வலதுபக்கம் ஒடித்ததில் வண்டி பள்ளத்தில் சாய்ந்து தேக்கு மரத்தில் மோதியது. நிலையத்துக்குப் போன் வந்ததும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். மீட்புக்காரர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன்.

லாரிக்காரர்கள் பின்கதவு வழியாக ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் முன்பக்கம் போனேன். இன்சோமின் கால்கள் நசுங்கிய தகட்டுக்குள் சிக்கியிருந்தன. என்னைப் பார்த்ததும், "அண்ணே, வந்துட்டீங்களா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். பேட்டரி பக்கத்து இருக்கைக்கு அடியில் இருந்தது. ஸ்பேனர் பிடிக்க அந்தக் கை தேவைப்பட்டது, விடுவித்துக்கொண்டேன்.

அந்த இருக்கை பின்னால் வளைந்து, அடுத்த வரிசையில் உட்கார்ந்து வந்த ஆசிரியை சுமாலியின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. மாணவர்கள் வாழ்த்திக் கையில் கட்டிவிட்ட வெள்ளை நூல்கள் அவள் மணிக்கட்டில் இருந்தன. "இதைக் கொஞ்சம் நகத்துங்க... மூச்சு விட முடியல" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது. இருக்கையைப் பிடித்து மேல்மெத்தையைத் தூக்கினேன், பேட்டரிக்காக. கம்பியைக் கழற்றினேன். இன்சோமின் மேலாகச் சாய்ந்து ஹெட்லைட் சுவிட்சைப் போட்டேன். எண்ணிக்கொண்டு நின்றேன். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்திருக்கும் என்று தோன்றிய பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டு இருக்கையை இழுத்தோம். வெளியே எடுத்தபோது அவளுக்கு மூச்சு இல்லை.

நான் கம்பியைக் கழற்றாமல் இருந்திருந்தால் தீப்பிடித்து எல்லாரும் செத்திருப்பார்கள் என்று ஊரே சொன்னது. ஐயா, நீங்களும் என் தோளில் தட்டினீர்கள். தீப்பிடித்திருக்கலாம், அதுவும் நடக்கக்கூடியதுதான். பல நாள் நான் அதை நம்பியே தூங்கினேன்.

வழக்கை விசாரித்தபோது நீங்கள் விலாயை வரவழைத்துக் கம்ப்யூட்டரைப் படிக்கச் சொன்னீர்கள். வெறுமையாக இருக்கிறது, கம்பியைக் கழற்றினால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டாள். பிறகு என் பட்டறைக்கு வந்தாள். "மாமா, மஞ்ச லைட்டு மேல டேப் ஒட்டினது யாரு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். எப்போதும்போல் கைகூப்பிவிட்டுப் போய்விட்டாள். அவள் கைகூப்பாமல் போயிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

நீதிமன்றத்தில் இன்சோம் ஒன்றையும் மறுக்கவில்லை. வாடின பூவைப் போட்டுக்கொண்டு தாயின் வண்டியை எடுத்தேன், அவசரப்பட்டு முந்தினேன், என் தப்புதான் என்றான். ஊன்றுகோலோடு சிறைக்குப் போனான். பார்க்கப் போகும்போதெல்லாம் ஒட்டுச் சோறும் காரக் கொத்துக்கறியும் கொண்டுபோவேன். தம்பி மாதிரி பார்த்துக்கொள்கிறீர்கள் என்று அவன் மனைவி அழுவாள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

போன முறை அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஓர் உதவி கேட்டான்.

"அண்ணே, போலீஸ் ஸ்டேஷன் பின்னாடி என் வண்டி கிடக்குதுல்ல. தாய் அங்க தனியா கிடப்பா. ஒரு நல்ல மாலை போட்டு, எனக்காக மன்னிப்புக் கேப்பீங்களா? நீங்க சொன்னா கேப்பா. அன்னிக்கு அவ கோவத்த கண்டுபிடிச்சதே நீங்கதானே."

அதற்காகத்தான் இன்று மாலையோடு வந்தேன். நசுங்கிய வண்டியின் முன்னால் மண்டியிட்டேன். எவ்வளவு முயன்றும் இன்சோமின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் என்ன பெரியவரே என்று கேட்டார். அப்படியே எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அந்த வண்டி ஓடக்கூடாத வண்டி என்று தெரிந்தே ஓடவிட்டவன் நான். சுமாலி டீச்சர் மூச்சுக்குத் தவித்தபோது பக்கத்தில் நின்று தடயத்தை அழித்தவன் நான். இன்சோமை வெளியே விட்டுவிடுங்கள். எவ்வளவு தண்டனை என்றாலும் வாங்கிக்கொள்கிறேன், எதையும் குறைக்க வேண்டாம். ஒன்றே ஒன்று. அந்தப் பெடலில் என்ன கோளாறு என்பது எனக்குத் தெரியும், சோம்பேறித்தனத்தால் சரிசெய்யாமல் விட்டேன் என்று போட்டுவிடுங்கள். கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், நிலையத்தில் எல்லாரும் படிப்பார்கள்.